இடுப்பில் ஒரு தோட்டா, திடலில் ஒரு தோட்டா

"துப்பாக்கிப் பயிற்சி அதிகாரி: அசையாத கையும் கலங்காத மனமும் எந்த ஓசைக்கும் அதிராத நரம்பும் உடையவர்." கன்சாஸில் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தின் விதிப் புத்தகம் அந்தப் பதவியை இப்படித்தான் வர்ணித்தது. அந்தப் பதவியில் இருந்த டெல்மர் ஹ்ருஸ்கா, டோஸ்டரில் ரொட்டி துள்ளினால் தானும் துள்ளுகிறவர். நின்றால் சாவிக்கொத்தை உருட்டுவார். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். சுடும்போது மட்டும் கை நிற்கும். அதனால்தான் அவர் வாத்தியார்.

அந்தக் கை நின்றது முப்பத்தெட்டு என்று நாங்கள் சொல்லும் பழைய .38 காலிபர் தோட்டாவில். 1972-இல் எங்கள் நிலையத் தலைவர் சீஃப் டாக்கெட், பக்கத்து ஊர்களைப் பார்த்து மேக்னம் என்ற வீரியமான தோட்டாவையும் அதற்கான ரிவால்வர்களையும் வாங்கினார். முப்பத்தெட்டு கார் கதவில் பட்டால் நசுங்கிவிடுகிறதாம், மேக்னம் துளைத்துக்கொண்டு போகுமாம். எங்கள் ஊரில் கார் கதவுக்குப் பின்னால் யாரும் ஒளிந்ததில்லை என்பது வேறு விஷயம். புது ரிவால்வருக்குள் இரண்டு வகைத் தோட்டாவும் போகும். ஆகவே இடுப்பில் மேக்னம் ஏறியது, பயிற்சித் திடலில் அதே மென்மையான முப்பத்தெட்டு தொடர்ந்தது. மதிப்பெண்கள் அழகாக வந்தன. நகரசபை மகிழ்ந்தது.

டெல்மர் மட்டும் ஒரு நாள் ஆளில்லாத திடலில் மேக்னத்தைச் சுட்டுப் பார்த்தார். கண் தானாக மூடிக்கொண்டது. பிற்பாடுதான் இதை என்னிடம் சொன்னார். அப்போது நான் ரேடியோ அறையில் இருந்தவன். சாவிக்கொத்து இன்னும் வேகமாக உருள்வதை மட்டும் கவனித்தேன்.

கால்நடை ஏலத்தன்று ஒரு காளை வேலியை உடைத்துக்கொண்டு கடைவீதிக்கு வந்தது. திடலில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் லைல் பெனிங்டன் ஆறு மேக்னத்தையும் அதன்மேல் தீர்த்தான். முடிதிருத்தும் கடைக் கம்பம், தபால் பெட்டி, தீவனக் கடைப் பலகை எல்லாம் அடிபட்டன. காளை வங்கி வாசலில் நிம்மதியாகப் பூச்செடி மேய்ந்துகொண்டிருந்தது.

"தபால் பெட்டி சரணடைஞ்சிருச்சா லைல்?" என்றேன் ரேடியோவில்.

சீஃப் சிரிக்கவில்லை. பழியைப் போட நகரசபைக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. "தோட்டாவுல கோளாறு இல்ல. இவன் பயந்தாங்கொள்ளி. திங்கக்கிழமை சபைக்காரங்க முன்னாடி டெல்மர் சுட்டுக் காட்டட்டும். குறி அட்டையில பட்டுச்சுன்னா லைல் வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்."

பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிய காவலனை வேறெந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாது.

"வாத்தியாரே, நான் பயப்படல," என்றான் லைல். "நெருப்பு பெருசா வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல."

"கண்ண மூடிட்டே."

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

டெல்மர் காப்பி எடுத்துவரப் போனார். காப்பி இல்லாமல் திரும்பி வந்தார். மறுபடி போனார்.

திங்கட்கிழமை சீஃப் வழக்கமான முப்பத்தெட்டுப் பெட்டியை அவர் முன் தள்ளினார். "இதுலயே சுடுங்க. சபைக்காரங்க காதுக்கு மேக்னம் ஆகாது."

"காளைய இதுல சுடலையே சீஃப்."

"உங்க பதவிய நெனச்சுப் பாத்துச் சுடுங்க."

"அதத்தான் ராத்திரியெல்லாம் நெனச்சேன். தூக்கம் வரல."

அடுத்த மாதத்திலிருந்து திடலிலும் மேக்னம் வந்தது. முதல் மதிப்பெண்கள் வெட்கப்படும்படி இருந்தன, பிறகு தேறின. லைல் வேலையில் நீடித்தான். டெல்மரைத் தெருவோர வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்களைப் பார்த்துவர அனுப்பிவிட்டார்கள். நாளெல்லாம் நடக்கும் வேலை. தண்டனை என்று கொடுத்தார்கள், அவருக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. பயிற்சி அதிகாரியின் வர்ணனையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தத் திங்கட்கிழமை டெல்மர் ஹ்ருஸ்கா முப்பத்தெட்டுப் பெட்டியைத் திறக்காமல், இடுப்பிலிருந்த மேக்னத்தால் சபைக்காரர்கள் முன்னிலையில் ஆறு முறை சுட்டார். ஆறு முறையும் கண்ணை மூடினார், ஒன்றுகூட அட்டையில் படவில்லை.