பூக்கட்டிப் பார்த்து வாங்கிய ஷேர்

எங்கள் நிலம் போய்விட்டது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை எழும்பிய காலம் அது. நெல் விளைந்த இடத்தில் புகைபோக்கி வந்தது, எங்கள் கைக்கு நஷ்டஈட்டுப் பணம் வந்தது. பணத்தின் வாசனை பிடித்துச் சித்தப்பா வந்தார், கூடவே ஒரு ஷேர் புரோக்கரும் வந்தார்.

ஒரு மில்லின் ஷேரை வாங்கச் சொன்னார்கள். வீட்டிலிருந்த வீரராகவப் பெருமாள் படத்தின் முன் பூக்கட்டிப் போட்டார்கள். எடுக்கும் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளை வந்தது. பாதிப் பணம் போனது. ஆடி பிறப்பதற்குள் விலை பாதியாக விழுந்தது. என் அப்பா, நைனா, சரியாகச் சாப்பிடுவதை விட்டார். சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார்.

எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அந்த மில் ஓடுகிறதா மூடுகிறதா என்று ஒருத்தர்கூட விசாரிக்கவில்லை. பெருமாள் என்ன, புரோக்கர் ஆபீஸ் குமாஸ்தாவா?

ஆடி அமாவாசையன்று திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வேண்டிக்கொண்டு வெல்லம் கரைத்தேன். படியில் உட்கார்ந்து அழுதேன். "வைத்தியர் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறீரே, எங்கள் நைனாவை எழுப்பும், மீதியையாவது காப்பாற்றும்" என்று சண்டை போட்டேன்.

அப்போது நான் திருவள்ளூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மறுநாளே வக்கீல் என்னிடம் ஒரு புது வேலையைத் தள்ளினார். பழைய பேப்பர்களில் கோர்ட் நோட்டீசுகளைக் கத்தரித்து ஒட்ட வேண்டும். எரிச்சலாக இருந்தது. ஆனால் நோட்டீசுக்கு அடுத்த பக்கத்திலேயே ஷேர் விலைப்பட்டியல்! அதுதான் பதில் என்று புரிய எனக்குச் சில நாள் பிடித்தது.

வரைபடத் தாள் வாங்கினேன். தினசரி விலையைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கம்பெனிகளைச் சலித்தேன். ஒழுங்காக டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுக்காதவை முதலில் போயின. மிச்சத்தில், விலை முன்பு விழுந்த இடத்துக்குக் கீழே மறுபடி விழாதவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு பைசா போடாமல், வாங்கியதாகவும் விற்றதாகவும் எழுதிப் பழகினேன். ஆரம்பத்தில் எல்லாம் தப்பு. எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடுவேன் என்று வாங்கும்போதே எழுதத் தொடங்கிய பிறகுதான் தப்புகள் சின்னதாயின. ஆபீசில் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

தை அமாவாசைக்குச் சித்தப்பா மறுபடி வந்தார், புரோக்கரோடு, பூவோடு.

"வெல இன்னும் எறங்கிகினு கீது அண்ணாத்தே. இப்போ மீதியும் போட்டா வாங்கின வெல சராசரி கம்மியாயிடும்" என்றார் புரோக்கர்.

நான் நடுவில் போய் நின்றேன். "அந்த மில்லு கடைசியா எப்போ டிவிடெண்ட் குடுத்துச்சி?"

புரோக்கர் முகம் சிவந்தது. "பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"பெருமாளையே சந்தேகப்படுறியா நீ?" என்று கத்தினார் சித்தப்பா.

"பெருமாள சந்தேகப்படல. உங்களத்தான் சந்தேகப்படுறேன்" என்று தாளை விரித்துக் காட்டினேன். அந்த மில்லின் விலைக்கோடு மாசாமாசம் கீழேயே போயிருந்தது.

படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார். தாளை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் திரும்பினார்.

"ஏண்டா, உழவு மாடு வாங்கச் சொல்லோ இன்னா பண்ணுவோம்? பல்லப் புடிச்சிப் பாப்போம், சுழி பாப்போம், நடக்கவுட்டுப் பாப்போம். அப்பறந்தான் பூவு கேப்போம். இதுக்கு மட்டும் எடுத்ததும் பூவா? பூவ எட்த்துகினு போடா!"

செக் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். பிறகு என் அம்மாவைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னார். நான் அடுக்களைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

அந்த மில் பிறகு கதவைச் சாத்தியது. போன பாதி போனதுதான், திரும்பவில்லை. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக, பார்த்துப் பார்த்துப் போட்டோம். சில சமயம் விழுந்தேன், ஆனால் ஒரேயடியாக விழவில்லை.

பாகவதர்களே, பெருமாள் அடியார்களே, இன்றும் நம்மில் சிலர் சாமி பேரைச் சொல்லி அடுத்தவர் பணத்தை வாங்குகிறார்கள். நாமும் கை கூப்பியபடி கொடுக்கிறோம். எனக்கு ஆத்திரம் தீரவே இல்லை. லாபம் வேண்டும் என்று பெருமாளிடம் கேட்காதீர்கள். பார்க்கக் கண் வேண்டும் என்று கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். நான் கேட்டேன். என் நைனா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.