மாஸ்டரின் கைராசி

ரேடியோ பழுதுபார்க்க நல்ல கண்ணும், நடுங்காத கையும், மீசையும் வேண்டும். முதல் இரண்டும் என்னிடம் உண்டு.

மாத்தளையில் எங்கள் கடை. முன்மேசையில் என் கணவர். எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’. திரைக்குப் பின்னால் நான், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள். அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும், பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய வேலை முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. கணவன் பெயரில் உழைக்கும் சகோதரிகளே, மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். இருந்தாலும் கேளுங்கள்.

வாய்

எல்கடுவத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், ஊமையாகிப்போன ரேடியோவைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கணவர் அதைத் திரைக்குள் தள்ளினார். கண்டென்சர் வெடித்திருந்தது, மாற்றினேன். அதற்குள் முன்னால் அவர், வால்வு போய்விட்டது என்று கங்காணிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், “வால்வு இல்லீங்க, கண்டென்சர்” என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டேன்.

கங்காணி சிரித்தார். “பொம்பளைக்கு இவ்வளவு வாய் குடுத்துட்டு, வீட்டுக்கு ரேடியோ வேற எதுக்கு மாஸ்டர்?”

முன்மேசை

இனிப் பார்வை திரும்பாது என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கணவர் வீட்டில் இருந்தார். நான் முன்மேசைக்கு வந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்தேன். வந்தவர்கள் ரேடியோவைக் கையைவிட்டு இறக்காமல், “மாஸ்டர் எப்ப வருவாரு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலையில் எனக்குத் தூக்கம் போயிற்று.

பக்கத்துப் புடைவைக் கடைக்காரர் மனைவி மட்டும் என்னை நம்பித் தந்தாள். மறுநாள் வந்து காதோடு சொன்னாள்: “நல்லாப் பாடுது அக்கா. நீங்க செஞ்சதுன்னு எங்க மனுசன்கிட்ட சொல்லல்ல. சொன்னா, சரியா இருக்கான்னு பார்க்க வேற கடைக்குத் தூக்கிட்டுப் போயிடுவாரு.”

சான்றிதழ்

சுவரில் சான்றிதழ் ஒன்று தொங்கினால் நம்புவார்கள் என்று நினைத்து, ரேடியோ வகுப்பு நடத்தும் இடத்துக்குப் போனேன். விண்ணப்பம் வாங்கும் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். மாஸ்டரின் மனைவி என்று அறிந்ததும் மரியாதையாக உட்காரச் சொன்னார். அவர் மேசையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதன் உடைந்த குமிழுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கிய குமிழ். செதுக்கியவள் நான்.

அதைத் தட்டிக் காட்டி அவர் சொன்னார்: “தங்கச்சி, இது ஆம்பிளையளின்ரை வகுப்பு. நீங்கள் தையலுக்குச் சேருங்கோ. இந்த ரேடியோவைப் பாருங்கோ, உங்கட மனுசன் திருத்தினது. எவ்வளவு நுட்பமான வேலையெண்டு அவரிட்டைக் கேளுங்கோ!”

கறுப்புக் கண்ணாடி

அடுத்த திங்கட்கிழமை கணவருக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, கையில் ஸ்குரூடிரைவரையும் கொடுத்து, முன்மேசையில் உட்காரவைத்தேன். “உன் வேலைக்கு நான் பேர் வாங்குறேனே” என்று அவர் முணுமுணுத்தார். “பேசாம இருங்க” என்றேன். ரேடியோ வந்தால் அவர் அதன் முதுகைத் தட்டுவார், காது வைத்துக் கேட்பார், தலையாட்டுவார், திரைக்குள் தள்ளுவார். ஒரே வாரத்தில் அலமாரி நிறைந்தது. கலேவெலயிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள்.

பழைய கங்காணியும் வந்தார். திருத்திய ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, திரைக்குள் எட்டிப் பார்த்து எனக்கும் ஒரு சொல் சொன்னார்: “கண்ணு போயும் மாஸ்டர் கைராசி போகல, பார்த்தீங்களாம்மா? நீங்க குடுத்து வச்சவங்க!”

ரேடியோ பழுதுபார்க்கக் கண்கூட வேண்டியதில்லை, மீசை இருந்தால் போதும்.