அத்தையின் கருமருந்து டப்பா

எங்கள் அத்தை ஸ்ரீவைகுண்டத்தில் கணக்கு டீச்சர். வார நாட்களில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் துப்பாக்கி சுடுவாள்.

தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை முறைப்படி லைசென்ஸ் மாற்றித் தன் பெயருக்கு வாங்கியிருந்தாள். ஆற்றங்கரை வாழைத் தோட்டத்தில் பன்றிகள் புகும் காலத்தில் வானத்தைப் பார்த்து இரண்டு மூன்று வேட்டுப் போடுவாள், அவ்வளவுதான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மாமாவிடம் இருந்தது வேறு வகை. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிள். குறிபார்க்கும் போட்டிகளுக்கு அதைத் துணியில் சுற்றி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போவார்.

வெடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் இருவரும் பின்னறையில் உட்கார்ந்து திரும்ப வெடிமருந்து நிரப்புவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, கோடை லீவுக்கு அங்கே போயிருந்தேன். மாமா ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பை நகத்தால் தடவி, கீறல் பட்டதை ஒதுக்குவார். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்வளவு பார்க்கலை என்று அத்தை சிரிப்பாள்.

"இந்த ரைபிளுக்கு அளவு பாத்து ஊட்டணும்ட்டி," என்பார் மாமா. "மருந்து கொறஞ்சா அடுத்த தோட்டாவ ஏத்தாது. கூடுனா நம்மளயே மேல ஏத்திரும்."

அலமாரியில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் அத்தையின் கருமருந்து. மற்றதில் மாமாவின் புகை வராத மருந்து.

"அத்தையோடது பைய தள்ளும். என்னுது அடிச்சுத் தள்ளும். அந்தப் பழைய துப்பாக்கி தாங்காது. ரெண்டையும் தொடப்பிடாது, கேட்டியா?"

கேட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் அலமாரிச் சாவி கதவிலேயே தொங்கியது. உள்ளே இருந்த பித்தளைக் கூடு ஒன்றை உதட்டில் வைத்து ஊதினால் விசில் வரும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கையை நீட்டியபோது கருமருந்து டப்பா சரிந்தது. அப்போதுதான் துடைத்திருந்த ஈரத் தரையில் பாதிக்கு மேல் கொட்டி, மை போலக் கரைந்தது. துணியால் துடைத்தேன். கொட்டிப்போன அளவுக்கு மாமாவின் டப்பாவிலிருந்து அள்ளி அடியில் போட்டு, மிஞ்சிய கருமருந்தை மேலே பரப்பினேன். கணக்கு டீச்சரின் மருமகள் அல்லவா, அளவு சரியாக வந்தது. மாலை பஜ்ஜியைப் பயமில்லாமல் தின்றேன்.

அடுத்த வாரம் அத்தை அந்த டப்பாவைக் காலிசெய்து தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். நான் அவள் அறியாமல் நாலடி பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். முதல் வேட்டு. இரண்டாவது வேட்டு. கொக்குகள் ஆற்றைத் தாண்டிப் பறந்தன. மூன்றாவது, வேட்டுச் சத்தமாகவே இல்லை. எதுவோ கிழிந்த சத்தம்.

அத்தை விழவில்லை. துப்பாக்கிக் குழல் அடிப்பக்கத்தில் வாழைப்பூ மடல் போல விரிந்திருந்தது. அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடையதோ என்பது போல. அங்கே கட்டைவிரலும் அடுத்த விரலும் இருக்கவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. என் தலைக்கு ஒரு சாண் தள்ளி வாழைத்தண்டில் ஓர் இரும்புத் துண்டு செருகியிருந்தது. அந்தப் பொத்தலிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா ஓடிவந்து, வேட்டியைக் கிழித்துக் கையைச் சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றினார்கள், விரல்களை முடியவில்லை. பின்னாளில் அத்தை இடது கையால் கரும்பலகையில் எழுதப் பழகிக்கொண்டாள்.

போலீஸ் வந்து கேட்டபோது மாமா நிமிர்ந்து நின்று சொன்னார். "கருமருந்துல என் மருந்து கலந்துபோச்சு சார். சாவியக் கதவுலயே விட்டது நாந்தான். பொறுப்பு என்னுது."

சாவியைப் பற்றி யாருமே கேட்கவில்லையே, இவர் ஏன் அதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"பட்டாளத்துல இதத்தான் படிச்சீராவே மாப்ள?" என்று சேதி கேட்டு வந்த அப்பா கத்தினார். அந்த மாதமே மாமா ரைபிளைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார். அதன் பிறகு அவர் எந்தத் துப்பாக்கியையும் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு என்னை நாலாம் நாள்தான் கூட்டிப்போனார்கள். அத்தை எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். இடது கையால் என்னைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஏட்டி, அது வெடிச்சப்போ நீ எங்கன நின்ன?"

விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. "கெணத்துப் பக்கம்," என்றேன்.

"எனக்குப் பெறத்தால, என் முதுகுப் பக்கம் நிக்கலியே?"

"இல்லத்த."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் என் நெற்றி, கன்னம், காது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. டப்பாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். பாவம், விரல் வலிக்கிறது போல, அதுதான் அழுகிறாள் என்றும் நினைத்தேன்.