வராத கடிதமும் அனுப்பாத அறிவித்தலும்

2009ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நான் ஒரு பாடசாலையை எங்கள் உதைபந்தாட்ட லீக்கிலிருந்து வெளியேற்றினேன். அதன் அதிபரின் கடிதம் குறித்த நாளுக்குள் வந்து சேரவில்லை என்று காரணம் எழுதினேன். அந்தக் கடிதம் வரவே முடியாது என்பது எனக்குத் தெரியும். விதிப்படி ஒரு மாதத் தவணை கொடுத்து எச்சரிக்கை அறிவித்தல் அனுப்பியதாகவும் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்தேன். அப்படி ஒன்றை நான் அனுப்பவில்லை. என் சொந்தப் பாடசாலைக்கு நல்ல மைதானம் கிடைக்கவேண்டும் என்பதற்காக இதைச் செய்தேன்.

லண்டனில் எங்கள் ஆட்கள் இருவர் முதன்முதலாகச் சந்தித்தால் ஊரைக் கேட்க முன்னர் பாடசாலையைக் கேட்பார்கள். இங்கே வீடு வாங்கிப் பேரப்பிள்ளை கண்டவர்கூட, தன் பாடசாலையின் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். பழைய மாணவர் சங்கங்கள் உண்டானதும், அந்தச் சங்கங்கள் கூடி லீக் நடத்தியதும் இதனால்தான். தெற்கு லண்டனில், மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் ஒரு பூங்காவில் ஞாயிறுதோறும் விளையாடிய எங்கள் லீக்கில் எட்டுப் பாடசாலைகள் இருந்தன. நாலு பெரியவை, நாலு சிறியவை. நான் பெரிய ஒன்றின் பழைய மாணவன், லீக்கின் செயலாளர். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தங்களை வாசித்தே வயது போனவன் என்பதால், எட்டுப் பாடசாலைகளையும் கட்டிவைக்கும் ஒப்பந்தத்தை என்னையே எழுதச் சொன்னார்கள்.

கெட்டிக்காரத்தனமாகத்தான் எழுதினேன். ஐந்து வருடத்துக்கு ஒருவரும் விலகக்கூடாது. விலகினால் அந்தப் பாடசாலையின் ஆட்டக்காரர்கள் இரண்டு வருடத்துக்கு லண்டனில் எந்தத் தமிழ் லீக்கிலும் ஆடமுடியாது. ஆனால் ஒரு பாடசாலை தகுதி இழந்து எண்ணிக்கை எட்டுக்குக் குறைந்தால், மற்ற ஏழையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது.

தகுதிக்கு ஒரே சான்று, ஊரிலுள்ள அதிபர் வருடாவருடம் தரும் கடிதம். அந்த விதி ஒரு சண்டையால் வந்தது. ஒருமுறை ஒரே பாடசாலையின் பெயரில் இரண்டு சங்கங்கள் இருபத்திரண்டு பேருடன் மைதானத்துக்கு வந்து, எதிரணியை மறந்து தங்களுக்குள் மோதிக்கொண்டன. மத்தியஸ்தர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு, எது உண்மையான சங்கம் என்பதை அதிபரே எழுதித் தரவேண்டும் என்று முடிவாயிற்று. கடிதங்கள் எப்போதும் பிந்தித்தான் வரும். நானும் எப்போதும் பொறுத்துக்கொள்வேன்.

2009 தொடக்கத்தில், வடமேற்கு லண்டனில் ஹரோவில் விளையாடும், ஊர்க் கல்லூரிகள் நாலின் பழைய மாணவர் சங்கங்கள் எங்களில் பெரிய நாலையும் தங்களோடு புதிய லீக் நடத்த அழைத்தன. செயற்கைப் புல் விரித்த மைதானம், உடைமாற்ற அறைகள், சுடுநீர்க் குழாய். எங்கள் பூங்காவிலோ கோல் அடித்தால் சிலவேளை நாய் பந்தைக் கொண்டு ஓடும். எங்களில் பாதிப்பேர் ஹரோவில்தான் வீடு வைத்திருந்தோம். ஆனால் நான் எழுதிய ஒப்பந்தம் எங்களையே கட்டியிருந்தது.

என் சங்கத்தின் தலைவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து, கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "மச்சான், பூட்டைச் செய்தவன் நீ. திறப்பும் உன்னட்டைத்தானே இருக்கும்?"

இருந்தது. சிறிய நாலில் ஒன்று வன்னியில் உள்ள பாடசாலை. போர் உச்சத்தில் இருந்த அந்த மார்ச் மாதம் அங்கே தபால் இல்லை, தொலைபேசி இல்லை. பாடசாலைக் கட்டடம் விழுந்துவிட்டதாகச் செய்தி. அதிபர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. லண்டனில் அந்தப் பாடசாலையின் அணியை நடத்தியவர் ஒரு குழாய் வேலைக்காரர். ஜேர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு மிச்சத்துக்கு வந்தவர். அவருடைய ஆட்டக்காரர்கள் பெற்றோல் நிலையங்களிலும் களஞ்சியங்களிலும் ஷிப்ட் முடித்து, தூக்கம் இல்லாமல் மைதானத்துக்கு வருவார்கள்.

வெளியேற்றிய செய்தி கேட்டு அவர் போன வருடக் கடிதத்தின் பிரதியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஐயா, எனக்கு ஒரு அறிவித்தலும் வரேல்லையே."

"தபாலில துலைஞ்சிருக்கும்," என்றேன்.

"இதை இந்த முறைக்கு எடுக்கேலாதோ? அங்கை நிலைமை உங்களுக்குத் தெரியுந்தானே. ஊரிலை பள்ளிக்கூடம் இல்லாமல் போச்சுது. இங்கை ஞாயிற்றுக்கிழமை அட்டவணையிலை பேர் கிடந்தால்தான் அது இன்னும் இருக்குது எண்டு பொடியளுக்கு ஒரு நினைப்பு."

"விதி விதிதான், தம்பி. நான் என்ன செய்ய?"

அவர் பிரதியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். ஒப்பந்தம் உடைந்தது. நாங்கள் நாலு பெரிய பாடசாலைகளும் ஹரோவுக்குப் போனோம். மிச்சத்தில் லீக் இல்லாமல் போயிற்று. புதிய லீக்கின் ஒப்பந்தத்தையும் நானே எழுதினேன்.

மே மாதத்தில் போர் முடிந்தது. அந்த நாட்களைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஜூலையில் என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. இடம்பெயர்ந்தோர் முகாமுக்குப் போய்வந்த கத்தோலிக்கப் பங்குச் சுவாமியார் ஒருவர் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார். உள்ளே அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாள். அழகான கையெழுத்து. அந்த அதிபர் எழுதியிருந்தார்: எமது பாடசாலை தற்போது முகாமில் ஒரு கூடாரத்துக்குள் இயங்குகிறது. லண்டனில் தங்கள் லீக்கில் ஆடும் சங்கமே எமது பழைய மாணவர் சங்கம் என உறுதிப்படுத்துகிறேன். இவ்வருடம் கடிதம் தாமதமானதற்கு வருந்துகிறேன்.

நான் வெளியேற்றியது அவருக்குத் தெரியாது. வருடாவருடம் செய்யும் கடமையை அவர் அந்த வருடமும் செய்திருந்தார்.

அந்தத் தாளைப் பதினொரு நாள் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். கடிதம் வந்தது வேறு எவருக்கும் தெரியாது. அதைக் கிழித்துப் போட்டிருந்தாலும் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ரயில் ஏறி டூட்டிங்குக்குப் போனேன். குழாய் வேலைக்காரர் மத்தியானத்தில் சாப்பிடும் கடை அங்கே இருந்தது. பிளேன்ரீயும் ரோல்ஸும் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். முதலில் கடிதத்தைக் கொடுத்தேன். பிறகு அறிவித்தல் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

அவர் கையெழுத்தைப் பார்த்ததுமே எழும்பிவிட்டார்.

"சேர் உயிரோடை இருக்கிறாரோ?"

அந்தத் தாள் லீக்குக்கு வந்த சான்றுக் கடிதம் என்று மட்டும்தான் பதினொரு நாளும் நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி. அவர் அந்த இடத்திலேயே கைத்தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவராக அழைத்தார். "சேர் இருக்கிறார், டேய். முகாமிலை. கூடாரத்துக்குள்ளை வகுப்பு நடத்துறாராம்." கடைக்காரர் குசினியிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டார். நாலாவது அழைப்பு முடிந்தபிறகு குழாய் வேலைக்காரர் என்னைப் பார்த்து, "எப்ப வந்தது?" என்றார்.

"பன்னிரண்டு நாளாச்சுது."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அறிவித்தல் அனுப்பாததையும் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் ஐயா," என்றார். "எங்கடை வீட்டிலை ஒரு தபாலும் துலையிறேல்லை."

அடுத்த கிழமை ஹரோவில் புதிய லீக்கின் கூட்டம். எட்டுப் பாடசாலைகளின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். குழாய் வேலைக்காரரையும் வரச்சொல்லியிருந்தேன். அவர் கதவருகே நின்றார். நான் எழுந்து பழைய கூட்டக் குறிப்பை வாசித்தேன். "அறிவித்தல் அனுப்பப்பட்டது" என்ற வரி வந்ததும் நிறுத்தி, அது பொய் என்றும் அதை எழுதியவன் நான் என்றும் சொன்னேன். பேனையால் அந்த வரியை வெட்டினேன்.

என் சங்கத்தின் தலைவர் எழும்பினார். "டேய், உனக்கென்ன விசரோ? கையொப்பம் வைச்சாச்சு, அட்டவணை அடிச்சாச்சு. இப்ப வந்து பாவமன்னிப்புக் கேக்கிறாய்!"

"பாவமன்னிப்பு இல்லை. ஒப்பந்தத்தைக் கதைக்கிறன்," என்றேன். "அறிவித்தல் போகாட்டில் தகுதி இழப்பு இல்லை. தகுதி இழப்பு இல்லையெண்டால் பழைய ஒப்பந்தம் உடையேல்லை. நாங்கள் நாலு பாடசாலையும் இன்னும் அதுக்குள்ளைதான் நிக்கிறம். இங்கை வந்தது விலகல். இரண்டு வருஷத் தடை எங்களுக்குத்தான்."

பிறகு பின்வரிசையில் ஒருவர், "ஐயா தன்ரை கோலுக்குள்ளையே அடிச்சிட்டார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் வாக்குவாதம் நடந்தது. ஒப்பந்தத்தில் ஓட்டை தேடினார்கள். நான்தான் எழுதினேன், ஓட்டை இல்லை. என் வாழ்க்கையில் நான் எழுதிய எந்தப் பத்திரத்தையும்பற்றி அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கடைசியில் ஹரோ கல்லூரி ஒன்றின் பிரதிநிதி, ஓய்வுபெற்ற ஆசிரியை, மேசையில் தட்டினார். "எங்களுக்குத் தேவை நல்ல போட்டி. நாலு தனிய வரேலாதெண்டால் எட்டும் சேர்ந்து வரட்டும், அது விலகல் ஆகாது. பன்னிரண்டு பள்ளிக்கூடம். ஒரு ஞாயிறு இங்கை, மற்ற ஞாயிறு மிச்சத்திலை. இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?"

"மிச்சத்திலை நாய் வரும், ரீச்சர்," என்று ஒருவர்.

"நாய் வந்தால் நாயும் ஆடட்டும். உங்கடை முன்வரிசையை விட நல்லா ஓடும்."

கை உயர்த்தச் சொன்னார்கள். ஏழு கைகள் உயர்ந்தன. தலைவர் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அதிபர் கடிதம் என்ற விதியை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்று நான் முன்மொழிந்தேன். கதவருகே நின்றவர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"அதை எடுக்கவேண்டாம். சேர் எழுதத்தான் வேணும். நாங்கள் அதைப் பாத்துக்கொண்டிருப்பம். கடைசித் திகதியை மட்டும் எடுங்கோ."

அப்படியே எழுதினேன். செயலாளராக நான் எழுதிய கடைசி வரி அது. கூட்டம் முடிய முன்னரே வேறொருவரைத் தெரிவுசெய்தார்கள், அது நியாயம். பன்னிரண்டு பெயர்களும் இருந்த அட்டவணையின் ஒரு பிரதியைச் சுவாமியாரின் முகவரிக்கு அனுப்பினேன். அதோடு அதிபருக்கு, நான் செய்தது முழுவதையும் எழுதிய ஒரு கடிதமும் வைத்தேன்.

செப்டெம்பரில் முதல் ஞாயிறு. ஹரோ மைதானம். அட்டவணையைப் போட்டவர்கள் வேண்டுமென்றே செய்தார்களோ தெரியாது: முதல் ஆட்டம் வன்னிப் பாடசாலைக்கும் என் பாடசாலைக்கும். எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க ஆள் இல்லாமல் நான் போய் நின்றேன். எங்கள் பொடியன்கள் புதுச் சப்பாத்துகளோடு வந்தார்கள். அவர்களுடைய கோல்காப்பாளர் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்தவர். வேலைச் சட்டைக்கு மேலே அணிச் சட்டை போட்டிருந்தார்.

நாங்கள்தான் முதலில் அடித்தோம். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் ஒன்று அடித்தார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவர்களுடைய இடதுபக்க ஆட்டக்காரன் என்னைத் தாண்டி ஓடினான். என் பக்கத்துக் கோடுதான். ஓஃப்சைட் இல்லை, நன்றாகத் தெரிந்தது. எங்கள் ஆட்கள் "கொடி! கொடி!" என்று கத்தினார்கள். நான் கொடியைக் காலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பந்து வலைக்குள் போனது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆட்டக்காரர்களும், மனைவிமாரும், தள்ளுவண்டியில் இருந்த குழந்தைகளும் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். ஒருவர் தன் பாடசாலையின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டு செயற்கைப் புல்லில் விழுந்து கிடந்தார். கோல்காப்பாளர் முழங்காலில் இருந்து அழுதார். நானும் கொடியை உயர்த்தி ஆட்டியதாகப் பிறகு சொன்னார்கள். கொடி பிடிப்பவர் அப்படிச் செய்யக்கூடாது.

தலைவர் என்னைக் கடந்து காருக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததில்லை. கோயிலில் கண்டால் மற்ற வாசலால் போவார். நாற்பது வருட நட்பு. எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

கார்த்திகையில் அதிபரிடமிருந்து பதில் வந்தது. அட்டவணையைக் கூடாரக் கம்பத்தில் ஒட்டியிருப்பதாகவும், பிள்ளைகள் ஒவ்வொரு திங்களும் முடிவு கேட்பதாகவும் எழுதியிருந்தார். என் ஒப்புதலைப்பற்றி ஒரு வரிதான்: "தாங்கள் எழுதியதை வாசித்தேன்." அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. குழாய் வேலைக்காரரும் மன்னித்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் அந்த வெற்றிக்கு அடுத்த சனிக்கிழமை அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஐயா, நாளைக்கு மிச்சத்திலை ஆட்டம். கோட்டிலை நிக்க ஆள் இல்லை. வருவீங்களோ?"

"வாறன்," என்றேன்.

"பத்து மணிக்கு. பிந்தாதேங்கோ."

ஒன்பதரைக்கே போய் நின்றேன். முதல் பாதியிலேயே அவருடைய முன்வரிசைப் பொடியனுக்கு ஓஃப்சைட் என்று கொடி உயர்த்தினேன். அவன் ஓடிவந்து என் மூஞ்சிக்கு முன்னால் நின்றான்.

"அங்கிள்! ஸீரியஸ்லி? ஒப்பந்தத்திலை எழுத்தெல்லாம் தெரியுது, எனக்கு முன்னாலை எதிரணியிலை இவ்வளவு பெரிய ஆள் நிக்கிறது தெரியேல்லையோ?"

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குழாய் வேலைக்காரரும் சிரித்தார். நான் கொடியை இறக்கவில்லை.