செவ்வாய்க்கிழமை வண்டி

செர்மா பார்க்கப் போனபோது அந்தப் பிக்கப் வண்டி சோத்னமின் குளிர்காலக் கொட்டிலுக்குப் பின்னால் சாணிக் குவியலோடு குவியலாக நின்றிருந்தது. ஒரு டன் சுமக்கும் டீசல் வண்டி. கொரியாவில் பதினான்கு வருடம் உழைத்துத் தேய்ந்தபின் மங்கோலியாவுக்கு வந்தது. கதவில் எவரோ ஒரு கொரியக் கடைக்காரரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இன்னும் அழியவில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர் உலான்தோல்கோய் என்ற அந்த ஊரில் ஒருவரும் இல்லை. அந்த வண்டியைத் தொடத் துணிந்தவரும் இல்லை.

ஜனவரியில் சோத்னமின் தம்பி பத்ராக் அதற்குள்தான் செத்துக் கிடந்தான். பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, கணவாய்க்குக் கீழே வண்டியை நிறுத்தி, குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. வண்டியில் ஒரு நசுங்கல் இல்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. மருத்துவச் சீட்டில் இதயம் நின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். செத்தவர் எல்லாருக்கும் இதயம் நின்றுதான் போகிறது.

சீட்டு சொல்லாத காரணத்தை ஊர் சொல்லிவிட்டது. பத்ராக் புறப்பட்டது செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாரும் பயணம் தொடங்குவதில்லை. லாமாவிடம் நாள் கேட்காமல், மாவு தீர்ந்துவிட்டது, இன்றைக்கே போய்விட்டு வா என்று அனுப்பியவள் அவன் மனைவி ஹொர்லோ. ஆகவே புருஷனை முழுங்கியவள் அவள்தான். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, ஒரே நாளில் தீர்ப்பு. முப்பத்திரண்டு வயதுப் பெண்ணைச் சோத்னமின் வேலிக்குப் பின்னால் ஒரு கிழிந்த கூடாரத்தில் ஒதுக்கிவைத்தார்கள். அன்றிலிருந்து சோத்னம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அது’ என்றுதான் சொல்வான்.

செர்மா இருபத்தெட்டு வருடம் ஊர் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தவள். மூன்று மணிக்கு ஒரு தரம் வெளியே போய் வெப்பம், காற்று, பனி மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுவது வேலை. மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரிலும் ஒரு வரி விட்டதில்லை. போன வருடம் நிலையத்தில் இயந்திரத்தை வைத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொஞ்சம் பணம், எதிரே நீண்ட வாழ்நாள். அவள் கண்ணில் உறுத்திக்கொண்டிருந்தது ஒன்றுதான். கோடையில் ஊர் முழுக்கப் பால் பொங்கி வழியும். நகரத்து வியாபாரியின் லாரி வேண்டுமென்றே தாமதித்து வரும். பால் புளிக்கப் போகிறது என்று பெண்கள் பதறும் நேரம் பார்த்து வந்து, பாதி விலைக்கு அள்ளிக்கொண்டு போகும். விடியலில் ஊரிலிருந்தே ஒரு வண்டி நகரத்துக்குப் புறப்பட்டால் போதும், முழு விலை கிடைத்துவிடும். ஆனால் அவளிடம் இருந்த பணத்துக்குக் கிடைக்கும் வண்டி இந்த ஒன்றுதான்.

“நாலு சக்கரம் இருக்கு, என்ஜினும் எடுக்கும்,” என்றான் சோத்னம், பத்தடி தள்ளி நின்றபடி. “ஆனா மறைக்க மாட்டேன் அக்கா. இதை மூணு ஆறு தாண்டி வித்துடுன்னு லாமா சொல்லியிருக்காரு.”

“எங்க வீட்டு வழியில ஒரு ஓடை இருக்கு. மூணு தரம் தாண்டிக்கிறேன். விலை?”

“முப்பது லட்சம் துக்ரிக்.”

“வேற வண்டின்னா எம்பது சொல்லுவே.”

“வேற வண்டியில எவனும் சாகலையே.”

“சாகாத மனுஷன் ஏறின வண்டின்னு ஒண்ணு இருந்தா சொல்லு, எம்பதே தரேன்.”

வண்டி வந்தது. ஆனால் அந்த வண்டியில் பால் ஏற்ற ஒருத்தியும் வரமாட்டாள் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. கடை வாசலில் நின்ற பெண்கள் நேராகவே சொன்னார்கள். பால் வெள்ளைப் பொருள், புனிதமானது, அதைப் பிண வண்டியில் வைப்பதா? சாயத்தை மாத்து, தோஷம் போக நீலத் துணி கட்டு, லாமாவைக் கூப்பிட்டு ஓதச் சொல்லு என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். செர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படிச் செத்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவள் ஹொர்லோவின் கூடாரத்துக்குப் போனாள். மூன்று மாதமாக அங்கே யாரும் போனதில்லை. ஹொர்லோ அவசரமாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

“அவனைப் பாத்தப்போ எப்படி இருந்தான்? ஞாபகப்படுத்திச் சொல்லும்மா.”

“தூங்கற மாதிரி. மூஞ்சி மட்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சு அக்கா, வெயில்ல நின்னுட்டு வந்தவனாட்டம். சாமி கோவத்துல அறைஞ்ச அடையாளம்னு சொன்னாங்க.”

செர்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தலைநகரத்துக் கூடாரங்களில் நிலக்கரி அடுப்பின் விஷவாயுவால் ஒவ்வொரு குளிர்காலமும் ஆட்கள் போகிறார்கள். அப்படிப் போனவர்களின் முகம் சிவந்திருக்கும் என்று வானிலை நிலையத்துக்கு வருடா வருடம் சுற்றறிக்கை வரும். அதை வாசலில் ஒட்டியதே அவள்தான்.

“வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?”

“ஊரைப் பாத்து. பின்பக்கம் கணவாய்ப் பக்கம்.”

வேலை போனபின்னும் செர்மா வீட்டு வாசலில் நின்று அளந்து எழுதுவதை விடவில்லை; அன்றைய நோட்டு அவளிடம் இருந்தது. காற்று வடமேற்கு, கணவாயிலிருந்து. வினாடிக்குப் பதினெட்டு மீட்டர். அத்தனை பனியும் நேராகப் புகைக்குழாயின் வாய்க்குள் போயிருக்கிறது.

மறுநாள் வெல்டர் யோந்தோன் வந்தான். கூட்டுப்பண்ணைக் காலத்தில் டிராக்டர் ஓட்டியவன், வாயில் எப்போதும் ஒரு ஆணி. பனி குழாயை அடைத்துவிட்டது என்று சொன்னதும் மறுத்துத் தலையை ஆட்டினான்.

“அது எப்படி அக்கா? குழாய் அடைச்சா என்ஜின் மூச்சுமுட்டி நின்னுடும். இது டீசல் தீர்ற வரைக்கும் ஓடியிருக்கு.”

“அப்ப புகைக்கு வேற வாசல் கிடைச்சிருக்கு. தேடு.”

இந்த வகை வண்டியில் என்ஜின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். யோந்தோன் ஆட்டுத்தோல் விரிப்பை உருவி, இருக்கையைத் தூக்கினான். அடியிலிருந்த என்ஜின் மூடியைச் சுற்றிய ரப்பர் பொடிப்பொடியாகக் கொட்டியது. அதற்குக் கீழே, புகைக்குழாயின் மடிப்பில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. சுற்றிலும் கரி. என்ஜினின் முன்னும் பக்கமும் தரைவரை தொங்கும்படி கம்பளிப் போர்வை கட்டியிருந்தது. இந்த ஊரில் குளிர்காலத்தில் கம்பளி போர்த்தாத என்ஜின் கிடையாது. அந்தக் கம்பளி குளிரை உள்ளே விடவில்லை. புகையை வெளியே விடவில்லை. புகைக்குத் திறந்திருந்தது தூங்குகிறவனின் முதுகுக்குக் கீழே இருந்த வழி மட்டும்.

யோந்தோன் ஆணியை வாயிலிருந்து எடுத்தான். “இன்னைக்கே வெல்டு வெச்சுடறேன்.”

“வேண்டாம். முதல்ல ஊர் பாக்கட்டும்.”

அந்தப் போர்வையைத் தைத்தவள் ஹொர்லோ. இதை அவளிடம் சொல்லாமல் விடலாமா என்று செர்மா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு போய்ச் சொன்னாள். உண்மையில் பாதியை மறைத்தால் மீதிப் பாதியை எவன் நம்புவான்? ஹொர்லோ அடுப்பில் ஒரு வரட்டியைத் தள்ளினாள். “அப்ப என் கம்பளிதான்,” என்றாள்.

“கம்பளி இல்லை. ஓட்டை. ஓட்டை இல்லாத வண்டிக்கு உன் கம்பளி உசுரைக் காப்பாத்தியிருக்கும். யோசிச்சுப் பாரு.”

மே மாதம், கால்நடைத் தடுப்பூசி நாள். மேய்ச்சல்காரர்கள் அத்தனை பேரும் ஊசிக்கொட்டடியில் கூடுவார்கள். செர்மா யோந்தோனை ஓட்டச் சொல்லி வண்டியை அங்கேயே கொண்டுவந்து நிறுத்தினாள். கூட ஹொர்லோ.

“செத்தவன் வண்டி, அவனை முழுங்கினவ. பொருத்தம் பிரமாதம்,” என்றது ஒரு குரல்.

செர்மா திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கையைத் தூக்கி, மூடியின் மேல் தன் வெள்ளைப் பால்வடிகட்டித் துணியை இழுத்துக் கட்டினாள். கம்பளியைப் பழையபடி தொங்கவிட்டாள். யோந்தோன் புகைக்குழாயின் வாயில் புல்கட்டியைத் திணித்தான். என்ஜினை ஓடவிட்டு, கதவுகளைச் சாத்தி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிடம். ஆடுகள்கூட அலுத்துப்போயின. பிறகு கதவுகளைத் திறந்து, புகை கலையும்வரை காத்திருந்து, துணியை அவிழ்த்து உயர்த்திப் பிடித்தாள். நடுவில் அகலமாகக் கரி படிந்திருந்தது.

“இதுதான் பத்ராக் மூச்சுல போனது. கரி கண்ணுக்குத் தெரியுது. கூட வர்ற விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.”

“செவ்வாய்க்கிழமை போனதாலதான் புயல்லயே மாட்டினான்,” என்றான் சோத்னம்.

செர்மா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “இருபத்தெட்டு வருஷப் புயலையும் கிழமைவாரியா எண்ணிட்டேன் தம்பி. அதிகம் வந்தது வியாழக்கிழமை. உன் கல்யாணம் என்னைக்கு நடந்துச்சு?”

வியாழக்கிழமைதான். சோத்னமின் மனைவியே முதலில் சிரித்தாள்.

அவன் முகம் கறுத்தது. “சரி, அந்தக் கம்பளியைத் தைச்சது யாரு? அதுதானே?”

செர்மா வாயைத் திறக்குமுன் ஹொர்லோ முன்னால் வந்தாள்.

“நான்தான் தைச்சேன். உங்க வண்டிக்கும் நான்தான் தைச்சுக் கொடுத்தேன் அண்ணே. போன குளிர்காலம் பூரா அதைப் போர்த்திக்கிட்டு வண்டிக்குள்ள குறட்டை விட்டீங்க. உங்க குழாயில ஓட்டை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.”

செர்மா துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “செவ்வாய்க்கிழமை மேல பழியைப் போட்டீங்க. இவ மேல போட்டீங்க. ஓட்டை அப்படியே இருந்துச்சு. வேற எவனாவது இந்த வண்டியை வாங்கி, புதன்கிழமை நல்ல நாள் பாத்துக் கிளம்பிப் படுத்திருந்தா, அவனும் போயிருப்பான். அவன் பொண்டாட்டிக்கு என்ன பேரு வெச்சிருப்பீங்க?”

அன்று மாலைக்குள் நான்கு பேர் தங்கள் வண்டி இருக்கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவனின் குழாயில் மெல்லிய வெடிப்பு இருந்தது. அவன் யோந்தோனின் வீட்டுக்கு ஓட்டமாக ஓடினான்.

அடுத்த மூன்று வாரம் வண்டியில் வேலை நடந்தது. யோந்தோன் புகைக்குழாயைப் புதிதாகச் செய்து, அதன் வாயைக் கூரைக்கு மேலே தூக்கிவைத்தான். எந்தப் பனியும் எட்டாத உயரம். மூடிக்குப் புது ரப்பர். டீசல் பீய்ச்சும் முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் கறுப்புப் புகை நின்றது. அதே சோதனையை மறுபடி செய்தார்கள், இந்தத் தரம் குழாயைப் பாதி மட்டும் அடைத்து, வேறொரு துணியில். துணி வெள்ளையாகவே வந்தது. அதைச் செர்மா இருக்கைக்குப் பின்னால் மாட்டிவைத்தாள். கொரியக் கடைக்காரர் பெயரை அழிக்கலாமா என்று யோந்தோன் கேட்டான். “இருக்கட்டும். அவரும் இதுல நாலு காசு சம்பாதிச்சவருதானே,” என்றாள்.

பழைய கம்பளியை எரித்துவிடச் சொல்லி நாலு பேர் யோசனை சொன்னார்கள். ஹொர்லோ எரிக்கவில்லை. துவைத்து, வெட்டி, பால்கேன்களுக்குச் சட்டை தைத்தாள். நனைத்துப் போர்த்தினால் மதியம்வரை பால் சில்லென்று இருக்கும். ஓட்டுநரும் அவள்தான். செர்மாவுக்குக் கண் மங்கல், அவள் ஓட்டினால் ஆட்டுமந்தையும் பாறையும் ஒன்றாகத் தெரியும்.

முதல் பயணத்துக்குச் செர்மா வேண்டுமென்றே செவ்வாய்க்கிழமையைக் குறித்தாள்.

“புதன்கிழமை வெச்சா என்ன குறைஞ்சிடும்?” என்று யோந்தோன் கெஞ்சினான். “ரெண்டு பேர் கூட வருவாங்க.”

“செவ்வாய்க்கிழமை மட்டும் மாடு மடியை மூடிக்குதா?”

விடியலில் வண்டி கிணற்றடியில் நின்றது. ஒரு மணிநேரம் யாரும் வரவில்லை. ஹொர்லோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செர்மா, பழக்கதோஷத்தில், காற்று எந்தத் திசை என்று பார்த்தாள். தென்கிழக்கு, மெல்லியது. பிறகு இரண்டு பெண்கள் கேன்களோடு வந்தார்கள். குழாயில் வெடிப்புக் கண்டவன் நான்கு கேன் கொண்டுவந்தான். ஒன்பது கேன் ஆயிற்று. வண்டி இருபது தாங்கும். போதாது, ஆனால் டீசல் செலவுக்கு மேல் நிற்கும்.

என்ஜினை எடுத்தபோது சோத்னம் வந்தான். அவன் மனைவி பின்னாலேயே வந்து தோளில் இடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கேன்களை ஏற்றிவிட்டு அவன் ஓட்டுநர் பக்கம் போய் நின்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஊரே வரிசையில் நின்று கேட்டிருக்க வேண்டும். அவன் கூரைக்கு மேலே நீண்டிருந்த குழாயைக் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தான்.

“ஹொர்லோ,” என்றான். “ரெண்டாவது ஆத்துல தண்ணி ஏறியிருக்கு. மேல்துறையில கட.”

“சரி அண்ணே,” என்று அவள் கியரைப் போட்டாள்.