முதல் பக்கத்தில் ஒரு மன்னிப்பு

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்திலிருந்து ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. கல்லூரி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பெண் அதன் ஆசிரியராக இருந்து நடத்தினார். கட்டுரை எழுதுவதும், பார்சல் கட்டுவதும் அவரேதான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி ஆசிரியன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அவருக்குச் செய்தி எழுதிக் கொடுப்பேன். எங்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது. ஒருவரையொருவர் 'தோழர்' என்றே கூப்பிட்டுக்கொண்டோம்.

அந்த வருஷம் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் தீப்பிடித்தது. கதவு வெளியே பூட்டியிருந்ததால் உள்ளே சிக்கிய நான்கு பெண்களுக்குத் தீக்காயம். சூப்பர்வைசர்தான் பூட்டினார் என்று டீக்கடையில் சொன்னார்கள். நான் அதை நம்பி எழுதினேன், அப்படியே அச்சாகிவிட்டது.

இதழ் வந்த நாலாம் நாள் அந்தச் சூப்பர்வைசர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். இரண்டு கையிலும் கட்டு.

"நான் பூட்டலம்மா. பூட்ட ஒடச்சதே நாந்தான். எம் மக பள்ளிக்கூடம் போகமாட்டேங்கா. ஒங்கப்பாதான பூட்டுனாருன்னு கூடப் படிக்கிற பிள்ளைக கேக்குதாம்."

ஆசிரியர் அவரை உட்காரவைத்துக் காப்பி வாங்கிவரச் சொன்னார். கட்டுப்போட்ட கையால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்கவைத்தேன்.

அன்றைக்கே ஆசிரியர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்கு பெண்களும் ஒன்றுபோலச் சொன்னார்கள், அந்த அண்ணன் கடப்பாரையால் நெம்பித்தான் தங்களை வெளியே இழுத்தார் என்று.

மன்னிப்பை முதல் பக்கத்தில் போடுவதென்று ஆசிரியர் முடிவு செய்தார். ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"மொதலாளி இத வச்சு நம்மள நாறடிச்சிருவான். உள்ள எங்கயாச்சும் சின்னதாப் போடுங்க, தோழர்."

"பொய் எம்புட்டுப் பெருசா வந்துச்சோ, அம்புட்டுப் பெருசா இதுவும் வரட்டும்" என்றார் ஆசிரியர்.

"எழுதுனது நான். என் பேரப் போடுங்க" என்றேன்.

"விசாரிக்காம அச்சுக்கு அனுப்புனது நான்" என்று சொல்லிவிட்டு, தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி அந்தப் பக்கத்தை வெட்டி ஆலை வாசலில் ஒட்டினார். சங்கத்தில் இதழ் வாங்குவதை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. ஆசிரியர் புலம்பவில்லை. பக்கங்களைக் குறைத்துக்கொண்டு இதழை நடத்தினார்.

மூன்றாம் மாதம் ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

"தப்பா எழுதுனா ஒத்துக்கிடுதீய. அதான் ஒங்ககிட்டச் சொல்ல வந்தோம்."

ஷிப்ட் முடியும்வரை கதவைப் பூட்டிவைக்கச் சொன்னது முதலாளி என்றார்கள். இந்த முறை ஆசிரியர் ஒவ்வொரு தொழிலாளி வீட்டுக்கும் நடந்தார். அந்தக் கட்டுரையில் ஒரு வரியையும் யாராலும் மறுக்க முடியவில்லை. அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். ஆலைக் கதவிலிருந்து பூட்டு போனது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெரிய வார இதழ் அவரை ஆசிரியராகச் சென்னைக்கு அழைத்தது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு துணிப்பையை நீட்டினார். பை நிறைய வாசகர் கடிதங்கள்.

"இதுக்கெல்லாம் பதில் எழுத முடியாமப் போச்சு, தோழர். நீங்க எழுதிருங்க."

எழுதி முடிக்க எனக்கு அந்தக் கோடை விடுமுறை முழுவதும் ஆனது.