இருபத்தாறாவது கிலோ

பாளையங்கோட்டையில் மூன்று வருடம் பொருளாதாரம் படித்தேன். அதில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஒன்றுதான்: வரியைக் கட்டுகிறவன் ஒருத்தன், சுமக்கிறவன் இன்னொருத்தன். தேர்வில் அதற்குப் படம் வரைந்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். பிறகு அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மேலாளராகச் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எங்கள் ஆலையில் புழுங்கலரிசியை இருபத்தைந்து கிலோ மூட்டையாகக் கட்டுவோம். சிப்பம் என்று பெயர். லோடுமேன்கள் இரண்டு சிப்பங்களைப் பிடரியில் அடுக்கிக்கொண்டு லாரிக்கு நடப்பார்கள். ஒற்றைச் சிப்பத்தோடு போகிறவனைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அதில் கணக்கும் உண்டு. கூலி சிப்பத்துக்கு இவ்வளவு என்றுதான். சாயங்காலம் எல்லாரும் சமமாகப் பங்கு வைத்துக்கொள்வார்கள். ஒருவர் குறைத்துத் தூக்கினால் மற்றவர்கள் அவருக்கும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு ஜிஎஸ்டி போட்டார்கள். இருபத்தைந்து கிலோ வரைக்கும் வரி, அதற்கு மேல் கிடையாது. முதலாளி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். “இருபத்தாறா கட்டிருவோம்” என்று சொன்னது நான்தான். மற்ற ஆலைக்காரர்களுக்கும் இதே புத்தி வந்தது என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் எங்கள் ஆலையில் அந்தப் பெருமை என்னுடையது. கொஞ்ச நாள் மீசையை முறுக்கிக்கொண்டுதான் திரிந்தேன்.

லோடுமேன்களில் மூத்தவர் ஆழ்வார்குறிச்சியிலிருந்து வருவார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நானும் அவரை அண்ணாச்சி என்பேன். அவர்தான் வந்து கேட்டார்.

“அண்ணாச்சி, சிப்பம் கூடிப்போச்சு. கூலியும் கொஞ்சம் கூட்டிப் போடுங்க.”

“ஒரு கிலோதான அண்ணாச்சி.”

“ஒரு கிலோன்னு லேசா சொல்லுதீய. நாங்க ரெண்டுல்லா தூக்குதோம். பொழுதுக்கும் தூக்குதோம்.”

எந்த ஆலையிலும் இதே கூலிதான், சந்தை நிலவரம் அப்படி என்று விளக்கினேன். படித்த படிப்பு கைகொடுத்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் இரண்டு சிப்பங்களைத் தூக்கினார்.

அடுத்த வருடம் அவருக்குக் கழுத்து வலி வந்தது. இடது கை மரத்துப்போகிறது என்றார். பிடரியில் சுமை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த யோசனை யாருடையது என்று அவருக்குத் தெரியுமோ என்ற பயமும் இருந்தது. முதலாளியிடம் பேசி அவரை ஏற்றுமதிச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு மாற்றினேன். வளைகுடாவில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு மேலப்பாளையத்துக்காரருக்கு அங்கிருந்து அரிசி போகும். அது பத்துக் கிலோப் பை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே கண்டெய்னரில் ஏற்றிவிடலாம், கழுத்துக்கு வேலை இல்லை.

“வெளிநாட்டுக்குப் போறதுக்கு இந்த வரி கிடையாதாமே” என்று ஒருநாள் சொன்னார். “நம்ம ஊர்க்காரன் திங்கிற அரிசிதான் கனக்குது போல.”

கை மரப்பு குறைந்தது. எனக்கும் அதோடு அந்த உறுத்தல் தீர்ந்தது. இப்படியே போயிருக்கலாம்.

உள்ளூரில் அரிசி விலை ஏறக்கூடாது என்று புழுங்கலரிசி ஏற்றுமதிக்கு நூற்றுக்கு இருபது வரி விதித்தார்கள். வளைகுடாக் கடைக்காரர் போனிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்த வெலைக்கு இங்க ஓடாது அண்ணாச்சி, வேற நாட்டு அரிசி பார்க்கேன்” என்றார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. கிட்டங்கியைப் பூட்டினோம். லோடுமேன் அண்ணாச்சி ஊரில் எங்கேயோ காவல் வேலைக்குப் போனார். அதுவும் நிலைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வரியை எடுத்தார்கள். மறுநாள் காலை நான் ஆலைக்கு வந்தபோது அவர் வாசலில் நின்றார். முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கிறார். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார்.

“அண்ணாச்சி, வரிய எடுத்துட்டாவளாம்லா. டிவியில சொன்னாவ. பத்துக் கிலோப் பை எப்ப போடுதோம்?”

நான் முந்தின நாளே கடைக்காரரிடம் பேசியிருந்தேன். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு வேறு நாட்டு அரிசி பழகிவிட்டது. அவரும் அதிலேயே நின்றுவிட்டார். அதைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்படியா” என்றார். பூட்டின கிட்டங்கியை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். துண்டைப் பிடரியில் மடித்து வைத்துக்கொண்டு, லாரிக்குச் சிப்பம் ஏறிக்கொண்டிருந்த இடத்துக்குப் பைய நடந்தார். இரண்டு பேர் ஒரு சிப்பத்தைத் தூக்கி அவர் மேல் வைத்தார்கள்.

நான் பின்னாலேயே போனேன். “ஒண்ணு போதும் அண்ணாச்சி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குனிந்தபடியே பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார்.

“ஏலே, இன்னொண்ணையும் வை.”